வானொலியில் வராத சரணம்

ஆஸ்பத்திரி லாண்டரியில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இஸ்திரி ரோலரில் அழுந்திச் சூடாக வெளியே வரும் விரிப்புகளை மடித்து அடுக்குவது அவள் வேலை. விரிப்பு மடிப்பது ஒற்றை ஆள் வேலையில்லை. எதிரே இஸ்திரியம்மா நிற்பாள். ரோலரைப் பார்த்துக்கொள்கிறவள் என்பதால் அந்தப் பெயர். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஓர் உதறு உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு, தொங்கும் மடிப்பைக் குனிந்து எடுத்துக்கொண்டு பின்னால் போவார்கள். ராத்திரி முழுக்க இப்படி நெருங்கி வருவதும் விலகிப் போவதும்தான். பார்க்கிறவர்களுக்கு ஏதோ ஆட்டம் மாதிரி இருக்கும். ஆடுகிறவர்களுக்கு விடியும்போது தோள்பட்டை கழன்று விழும்.

அழுக்குத் துணியோடு என்னென்னவோ வரும். பல்செட் வரும், மூக்குக்கண்ணாடி வரும், குழந்தையின் பொம்மைக் கார் வரும். ஒரு தடவை தலையணை உறைக்குள் யாரோ மனைவிக்குத் தெரியாமல் ஒளித்து வைத்த மிட்டாய்ப் பொட்டலம் வந்தது. எல்லாவற்றையும் எடுத்து ஜன்னல் திட்டில் வைப்பார்கள். தேடிக்கொண்டு யாரும் வந்ததில்லை.

அவளுடைய அண்ணனும் அங்கேதான் வேலை பார்த்தார், பாய்லர்காரராக. அப்பா அம்மா சீக்கிரமே போய்விட, அவளுக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியதும், இந்த வேலையில் சேர்த்துவிட்டதும், கல்யாணம் செய்து வைத்ததும் அவர்தான். தனக்கென்று ஒரு குடும்பம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லையோ, தோன்றியும் நேரம் கிடைக்கவில்லையோ, தங்கை வீட்டு முன்னறையில் ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார். பாய்லர் அறையின் கரி கொஞ்சம் கொஞ்சமாக மார்பில் ஏறியது. ஒரு மழைக்காலத்தில் இருமி இருமி, ஆயுசெல்லாம் எந்த ஆஸ்பத்திரிக்கு வெந்நீர் காய்ச்சினாரோ அதே ஆஸ்பத்திரியின் விரிப்பில் போய்ப் படுத்தார். திரும்பி வரவில்லை.

அவர் போன அன்று, ராத்திரி ஷிப்ட் முடித்த மடிப்பக்கா வார்டில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து படுத்தாள். பகலில் அவள் கணவர் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. வெயில் சாயும் நேரத்தில் அவர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "திடீர்னு ஆயிடுச்சும்மா. யாரும் எதிர்பார்க்கல" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் அதை அப்படியே நம்பிவிட்டாள். மின்சாரம் போகிற மாதிரி, ஒரு நொடியில். அப்படித்தான் போயிருக்கும் என்று நினைப்பதில் ஒரு சின்ன ஆறுதலும் இருந்தது.

கணவரைத் தெருவில் பாட்டுக்காரர் என்பார்கள். பாடுகிறவர் இல்லை, எழுதுகிறவர். மெட்டை அனுப்பிவிடுவார்கள், இவர் தன்னானா போட்டுப் போட்டு அதற்கு வார்த்தை தைக்க வேண்டும். நல்ல தையல்தான், ஆனால் துணி கிடைக்கவில்லை என்று அண்ணன் சொல்வார். துணிக்கடைத் திறப்புக்கு எழுதினார், சோப்புக்கு எழுதினார், கொசுவத்திக்கு எழுதினார். கொசுவத்திப் பாட்டைத் தெருப் பிள்ளைகள் வருஷக்கணக்கில் பாடி அவர் மானத்தை வாங்கினார்கள். எப்போதாவது ஒரு படத்துக்கு ஒரு பாட்டு வரும். படம் வந்த சுவடு தெரியாமல் போகும், பாட்டும் கூடவே போகும்.

எதை எழுதினாலும் முதலில் கேட்கிறவர் அண்ணன்தான். முன்னறைக் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "மாப்பிள்ளை, எல்லாம் சரி. அந்த ரெண்டாவது வரி வாயில நிக்கல. வழுக்கிட்டுப் போகுது" என்பார். பாட்டுக்காரர் முறைத்துக்கொண்டு உள்ளே போவார். அரைமணி கழித்து வேறு வார்த்தையோடு வருவார். வேலைக்குக் கிளம்பும் முன் தலை வாரிக்கொண்டே மடிப்பக்கா இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பாள். அந்த வீட்டில் நடந்த ஒரே சண்டை வார்த்தைச் சண்டை.

அண்ணன் போன பிறகு பாட்டுக்காரர் அழவில்லை. உள்ளறையில் போய் உட்கார்ந்துகொண்டார். கூப்பிட்டால் வந்தார், போட்டால் சாப்பிட்டார். முன்னறைக் கட்டிலில் அவர் உட்காரவும் இல்லை, அதை எடுத்துப் போடவும் விடவில்லை. ஒரு நாள் காலையில் வேலை முடிந்து வந்து உலை வைத்தவள், முறத்தில் அரிசியைக் கொட்டிவிட்டு அப்படியே நின்றாள். அவர் சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

"கை இன்னும் மூணு பேருக்குத்தாங்க அளக்குது" என்றாள்.

அவர் அவளை ஒரு தரம் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். சும்மா 'ம்' என்றிருந்தால்கூடப் போதும். அவர் உள்ளே போய்விட்டார். அன்றைக்கு அவள் மனதில் ஏதோ ஒன்று இறுகிப்போனது. இந்த மனுஷனுக்கு வார்த்தையெல்லாம் கூலிக்குத்தான் வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மழைக்காலம் போய் வெயில் ஏறியது. லாண்டரிக்குள் ஆவியும் வெக்கையும் சேர்ந்து ஆளை வேகவைத்தன. ஷிப்ட் முடியப் போகிற ஒரு விடியற்காலை, துவைக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் ரேடியோ தன் போனைச் சத்தமாக வைத்தான். எந்தப் பாட்டின் எந்த வரியைக் கேட்டாலும் யார் எழுதியது என்று சொல்வான், அதனால் அவனுக்கு அந்தப் பட்டப்பெயர். புதுப்பாட்டு, சத்தம் போடாமல் கேளுங்கள் என்றான்.

மூணு பேருக்கு அளக்குது கை,
ரெண்டு பேருக்கு விடியுது;
கதவு தட்டாத காலையெல்லாம்
காது மட்டும் முழிக்குது.

மடிப்பக்காவின் கையிலிருந்து விரிப்பின் முனை நழுவித் தரையில் விழுந்தது. எதிரே இஸ்திரியம்மா அதைத் திட்டவில்லை. தன் பக்கத்து முனைகளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கன்னத்தில் வழிந்தது வியர்வை இல்லை. அவள் கணவர் இறந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அவள் அழுது அங்கே யாரும் பார்த்ததில்லை.

பாட்டு முடிந்ததும் வழக்கமான சண்டை ஆரம்பித்தது. இஸ்திரியம்மாவுக்கு எப்போதும் மெட்டுதான் முக்கியம். நல்ல மெட்டு இருந்தால் டெலிபோன் நம்பரைக்கூடப் பாடலாம் என்பாள். ரேடியோ எழுதுகிறவர்கள் பக்கம். எழுதுகிறவர்களை அவன் தரம் பிரித்து வைத்திருந்தான். ஒருத்தர் அகராதியை ஊறவைத்துக் குடித்தவர். இன்னொருத்தர் நிலா இல்லாவிட்டால் பேனாவைத் திறக்க மாட்டார். ஆயிரத்தில் ஒருத்தர்தான் வாசல்படியில் நின்று பேசுகிற மாதிரி எழுதுவார். அவர்தான் அவனுக்குக் கவிஞர்.

"டெலிபோன் நம்பரைப் பாடலாம்மா, யாரு வேணாம்னா?" என்றான் ரேடியோ. "ஆனா இப்ப அழுதீங்களே, அது மெட்டுக்கா அழுதீங்க? மூணு பேருக்கு அளக்குதுன்னதும்தானே அழுதீங்க?"

இஸ்திரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதினவன் யாரோ, எங்க வீட்டு அடுப்படியில வந்து நின்னு பார்த்திருக்கான்டா" என்றாள்.

மடிப்பக்கா கீழே விழுந்த முனையை எடுத்து உதறினாள். பாட்டுக்காரர் புனைபெயரில் எழுதுகிறவர். கொசுவத்திக்குப் பயந்து வைத்துக்கொண்ட பெயர். அவர் யார் வீட்டுக்காரர் என்று லாண்டரியில் ஒருவருக்கும் தெரியாது. அது என் அடுப்படி என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரை வந்தது. சொன்னால் கொண்டாடுவார்கள். கொண்டாடுவார்கள் என்பதுதான் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தவள் கணவரிடம் எதுவும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. படம் வழக்கம்போல் ஓடவில்லை, ஆனால் பாட்டு ஓடியது. டீக்கடையில் ஓடியது, பஸ்ஸில் ஓடியது, மருந்துக்கடை வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரி, ஏன் இப்படி இளைத்துப் போனாய் என்று கேட்டாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். மடிப்பக்காவும் மனசு விட்டு, "எங்கண்ணன் போனதை இன்னும் நம்ப முடியல. கை மூணு பேருக்குத்தான் அளக்குது" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி முகம் மலர்ந்து, "அட, அந்தப் பாட்டு மாதிரியே சொல்றீங்களே!" என்றாள்.

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மடிப்பக்கா அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவளிடம் அவளுடையது என்று இருந்தது அந்த ஒரு துக்கம்தான். இப்போது அதைச் சொன்னால் இரவல் வாங்கியதுபோல் இருந்தது. ஊரே அழுத பிறகு அவள் அழுவதற்குப் புதிதாக ஒரு வார்த்தை தேட வேண்டும். அவளோ வார்த்தை தேடுகிறவள் இல்லை.

அன்றிலிருந்து அந்தப் பாட்டு எங்கே வந்தாலும் எழுந்து போனாள், வீட்டில் பேச்சைச் சுருக்கினாள். பேசத்தான் வேண்டும் என்றால் கேஸ் தீரப்போகிறது, குழாயில் வாஷர் போய்விட்டது, செருப்பு அறுந்துவிட்டது என்று பேசினாள். முடிந்தால் இதை வைத்துப் பாட்டு எழுதிப் பார் என்று உள்ளுக்குள் ஒரு சவால். பாட்டுக்காரர் வாஷர் வாங்கி மாட்டினார், செருப்பைத் தைத்துக்கொண்டு வந்தார். அவரைத் தேடி இப்போது ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். அதே மாதிரி இன்னொரு பாட்டு வேண்டும் என்றார்கள். அவர் உள்ளறையில் உட்கார்ந்து தன்னானா போடுவது அவளுக்குக் கேட்கும். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிடும். கட்டிலில் இருந்து குறை சொல்ல ஆளில்லை. இரண்டு பேர் இருக்கிற வீட்டில், ஆளில்லாத வீட்டைப் போல் கடிகாரச் சத்தம் கேட்டது.

இப்படியே போயிருக்கும். ஒரு சாயங்காலம், ஷிப்ட் தொடங்கும் முன் லாண்டரியின் பின்பக்க மேடையில், மூட்டைகள் இறக்கும் இடத்தில், டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ரேடியோ கோபமாக வந்தான். நாம் கேட்டுக்கொண்டிருப்பது முழுப்பாட்டு இல்லை, மூன்றாவதாக ஒரு சரணம் இருக்கிறது, நேரம் போதவில்லை என்று அதை வெட்டிவிட்டுத்தான் வானொலியிலும் படத்திலும் போடுகிறார்கள் என்றான். முழுப்பாட்டையும் யாரிடமோ கெஞ்சி வாங்கி வந்திருந்தான். வெட்டியவன் கை விளங்குமா, கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்று போனை மூட்டைமேல் வைத்தான்.

தெரிந்த இரண்டு சரணமும் போனது. பிறகு வாத்தியமெல்லாம் அடங்கி, பாடுகிறவரின் குரல் மட்டும் வந்தது.

எழுப்பாதே அவளை, இப்பத்தான்
இமை ரெண்டும் சேர்ந்திருக்கும்;
எங்கேன்னு கேட்டா சொல்லிவிடு,
எனக்கும் தூக்கம் வந்ததுன்னு.

"போறவன் பொண்டாட்டியை நினைச்சுச் சொல்றான் பாருங்க" என்றான் ரேடியோ. "சாகுற வார்த்தையே இல்ல இதுல. ஆனா சாவு மட்டும்தான் இருக்கு."

இஸ்திரியம்மா, திரும்பப் போடுடா என்றாள். மடிப்பக்கா டம்ளரை மேடையில் வைத்தாள். போகிறவன் பெண்டாட்டியை நினைக்கவில்லை. அவனுக்குப் பெண்டாட்டியே கிடையாது. ராத்திரி முழுக்க விரிப்பு மடித்துவிட்டுப் பகலில் கண் அசந்த தங்கை ஒருத்தி இருந்தாள். திடீரென்று ஆகவில்லை. நேரம் இருந்திருக்கிறது. எழுப்பு, எழுப்பாதே என்று பேசுகிற அளவுக்கு நேரம் இருந்திருக்கிறது.

உடம்பு சரியில்லை என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு அவள் நடந்தே வீட்டுக்கு வந்தாள். வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. பாட்டுக்காரர் சமையலறையில் தனக்கு மட்டும் உப்புமாவோ கஞ்சியோ ஏதோ கிண்டிக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில் அவளைப் பார்த்ததும் கரண்டியோடு திரும்பினார்.

"மூணாவது சரணம் கேட்டேன்" என்றாள்.

அவர் அடுப்பை அணைத்தார். அணைத்த பிறகும் திருகில் இருந்து கையை எடுக்கவில்லை.

"ஊருக்கே சொல்லியிருக்கீங்க. என்கிட்ட சொல்லல."

"ஊருக்கும் சொல்லலம்மா. வெட்டிட்டாங்க." என்றார் அவர். "வெட்டிட்டோம்னு சொன்னப்ப எனக்குக் கோபம் வரல. அப்பாடான்னு இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு எழுதினீங்க?"

"எங்கேயாவது இறக்கி வைக்கணும்ல. உன் எதிர்ல உட்கார்ந்தா வாய் வரல. எத்தனை நாள் வந்து உட்கார்ந்திருக்கேன் தெரியுமா? அந்த மெட்டு வந்துச்சு. மெட்டுல அளவா ஒரு இடம் இருந்துச்சு. இவ்வளவுதான் சொல்லணும், இதுக்கு மேல சொல்லக் கூடாதுன்னு. அதுக்குள்ள நுழைச்சிட்டேன்."

"நான் சொன்னதையும் சேர்த்து."

"நீ சொன்னது இல்லாம அவரு சொன்னதை எழுத முடியல" என்றார். "அன்னைக்கு அரிசியை வச்சுக்கிட்டு சொன்னியே, அதைவிடப் பெரிசா ஒரு வரி எனக்கு வாழ்நாள்ல வராது. பதில் சொல்லணும்னுதான் நின்னேன். என்ன சொன்னாலும் அதுக்குக் கீழதான் இருந்திருக்கும்."

"கீழ இருந்தா என்ன? நான் பாட்டா கேட்டேன்? பதில்தானே கேட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் முன்னறைக்குப் போய் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவரும் வந்து, வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

"ஏன் என்னை எழுப்பல?"

"அவரு வேணாம்னாரு."

"அண்ணன் அப்படித்தான் சொல்லும். காய்ச்சல்ல கிடந்தப்பவும் வேணாம்னுதான் சொல்லும். பசிச்சாலும் வேணாம்னுதான் சொல்லும். நீங்க கேட்டிருக்கக் கூடாது."

"கேட்டிருக்கக் கூடாதுதான்" என்றார் அவர்.

தெருவில் யாரோ சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்கள். எல்லாவற்றையும் சொல்லுங்கள், பாட்டு மாதிரி இல்லாமல் நடந்த மாதிரி சொல்லுங்கள் என்றாள் அவள். அவர் கட்டிலின் இன்னொரு மூலையில், பட்டும் படாமல் உட்கார்ந்து சொன்னார். காலையில் உன் அண்ணன் கஞ்சி இரண்டு வாய் குடித்தார். அப்புறம் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வர வேண்டியவர்கள் இருந்தால் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றார். நான் எழுந்தேன், அவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். நைட் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள், இப்போதுதான் படுத்திருப்பாள், எழுப்பாதே என்றார். கேட்டால் எனக்கும் தூக்கம் வந்துவிட்டது என்று சொல்லிவிடு என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் சமாதானமாகிவிடுவார், அப்புறம் ஓடிப் போய்க் கூட்டி வரலாம் என்றுதான் நினைத்தேன். சட்டையை விடவே இல்லை.

"அப்புறம்?"

"ஜன்னலைத் திறக்கச் சொன்னாரு. அங்கேருந்து லாண்டரி புகைக்கூண்டு தெரியும். அதையே பார்த்துட்டு இருந்தாரு. புகை கறுப்பா வந்துச்சு. எவன்டா பாய்லர்ல நிக்கிறது, காத்தைத் திறந்து விடத் தெரியாதான்னு திட்டினாரு. அதுதாம்மா கடைசி. அதுக்கப்புறம் பேசல."

மடிப்பக்காவுக்குச் சிரிப்பு வந்தது. புதுப் பாய்லர்காரனைத் திட்டிக்கொண்டே போயிருக்கிறார். அதுதான் அண்ணன். எந்தப் பாட்டிலும் வைக்க முடியாத அண்ணன். சிரிப்பு பாதியில் எங்கேயோ இடறி, மழைக்காலத்திலிருந்து உள்ளேயே கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. வாயைப் பொத்திக்கொள்ளாமல் அழுதாள். பாட்டுக்காரர் பக்கத்தில் வரவும் தெரியாமல் விலகவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு அவரும் அழுதார். இரண்டு பேரும் ஒரே ஆளுக்காகத்தான் அழுதார்கள், ஆனால் கட்டிலின் இரண்டு மூலையில் இருந்து.

அழுகை ஓய்ந்ததும் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே எதுவா இருந்தாலும் என்னை எழுப்பிடுங்க" என்றாள். "எவ்வளவு அசந்து தூங்கினாலும் சரி. யாரு வேணாம்னாலும் சரி."

"எழுப்புறேன்" என்றார்.

அதன் பிறகு வீடு ஒன்றும் கலகலப்பாகிவிடவில்லை. அவள் வேலைக்குப் போனாள், வந்தாள், பகலில் தூங்கினாள். பாட்டு ஊரில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது வந்தால் அவள் எழுந்து போவதை மட்டும் விட்டுவிட்டாள். ஒரு நாள் மத்தியானம், நல்ல தூக்கம். யாரோ தோளைத் தொடுவது கனவுக்குள் வந்து, பிறகு கனவு இல்லை என்று தெரிந்தது. பதறி எழுந்தாள். பாட்டுக்காரர் கட்டில் பக்கத்தில் தரையில் குந்தியிருந்தார். தப்பு செய்துவிட்டவர் மாதிரி முகம்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல" என்றார். "மச்சான் ஞாபகம் வந்துச்சு."

மடிப்பக்கா காலை மடக்கி, அவர் உட்கார இடம் விட்டாள்.